மூன்று தேர்வுகள் மூன்று பதில் சொன்னால் எதை நம்புவது?

உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். மருத்துவத்தின் பக்கம் போகப்போவதில்லை என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. எந்த வேலை பொருந்தும் என்று சொல்லும் தொழில் தேர்வுகள் மூன்றை இணையத்தில் எழுதியதில் ஒன்று ஆசிரியர் என்றது, ஒன்று தரவு ஆய்வாளர் என்றது, இன்னொன்று மனிதவள அலுவலர் என்றது. கூடப் படிப்பவர்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், நான் பின்தங்கிவிட்டேனா, இந்த மூன்றில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: ஆய்வகத்தைவிடக் களப்பணிக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவதுதான் பிடித்திருந்தது, ஆனால் அது ஒரு வேலையா என்று தெரியவில்லை. எனக்கு இதில் கேட்கும் உண்மையான கேள்வி இதுதான்: எந்த வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை, பார்க்காத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் கல்வி உளவியல் படித்தவன். 16 ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டல் பிரிவில் இருக்கிறேன். முதலில் பின்தங்கிய கவலையைத் தீர்த்துவிடுகிறேன். பின்தங்கவில்லை. தொழில் விருப்பங்கள் எந்த வயதில் நிலைபெறுகின்றன என்பதைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. பள்ளி வயதில் மிதமாக இருக்கும் அந்த நிலைத்தன்மை ஏறக்குறைய 18 முதல் 22 வயதுக்குள் வெகுவாகக் கூடுகிறது, பிறகு இருபது ஆண்டுகளுக்கு அப்படியே நிற்கிறது என்று அது காட்டியது. அதாவது உங்கள் விருப்பங்கள் இப்போதுதான் ஒரு வடிவத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. கூடப் படிப்பவர்களைப் பொறுத்தவரை, 'மேற்படிப்புக்குப் போகிறேன்' என்று வகுப்பில் உறுதியாகச் சொல்கிறவர்களே கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, தெரியவில்லை என்று கலங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஓயாமல் கேட்கும்போது யாராக இருந்தாலும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். அந்தப் பதிலைப் பார்த்து நீங்கள் உங்களை எடைபோட வேண்டாம்.

இனித் தேர்வுகள். ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கென ஒரு தொழில் ஆலோசனை அலுவலகம் தொடங்கினார். அவர் சொன்ன வழி மூன்று பகுதி கொண்டது: உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார்த்து யோசி. நூறு ஆண்டுக்கு மேலாகியும் எங்கள் துறையின் அடித்தளம் அதுதான். இணையத் தேர்வுகள் இதில் முதல் பகுதியை மட்டும், அதிலும் ஒரு துண்டை மட்டும் தொடுகின்றன. உங்கள் மூன்று தேர்வுகளும் மூன்று பதில் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. ஒன்று உங்கள் விருப்பங்களை அளந்திருக்கும், ஒன்று குணத்தை, இன்னொன்று நீங்கள் எதை முக்கியமாகக் கருதுகிறீர்கள் என்பதை. வெப்பமானியும் தராசும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

இவற்றில் ஓரளவு நம்பத்தக்கவை விருப்பத் தேர்வுகள். ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி விருப்பங்களை ஆறு வகையாகப் பிரிப்பவை அவற்றில் அதிகம். கையால் செய்வது, ஆராய்வது, படைப்பது, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது என்று அந்த ஆறையும் சுருக்கமாகச் சொல்லலாம். நான்கெழுத்தில் ஆளுமை வகை சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வைத் தொழில் முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம். சில வாரங்கள் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் வேறு வகை வருவது சாதாரணமாக நடக்கிறது. ஹாலண்ட் வகைத் தேர்விலும் ஓர் எல்லை உண்டு. ஒருவரின் விருப்பமும் வேலையும் எவ்வளவு பொருந்துகின்றன, அவருக்கு வேலையில் எவ்வளவு திருப்தி இருக்கிறது என்று ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வில், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.19 அளவில்தான் இருந்தது. ஒன்று என்றால் முழுத் தொடர்பு, பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை. எனவே தொடர்பு உண்டு, ஆனால் மெலிதானது. கூட வேலை செய்கிறவர்கள், மேலதிகாரி, வேலை நேரம், சுதந்திரம் என்று திருப்தியைத் தீர்மானிக்கும் மற்ற விஷயங்களுக்கு அவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மாணவரின் தேர்வு அறிக்கையை மேசையில் விரித்துவைத்து, மக்களோடு பழகும் வேலை உங்களுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அவர் என்னைப் பார்க்க வந்தார். பேச்சுச் சிகிச்சையாளராகிவிட்டிருந்தார். ஒரு நேரத்தில் ஒரு குழந்தை, எதிரில் ஒரு கண்ணாடி, ஓர் எழுத்தின் ஒலியை முப்பது முறை சொல்லவைப்பது, அவ்வளவுதான் வேலை. அதில் அவருக்கு அலுப்பே வரவில்லையாம். கூட்டமும் விருந்தும் பிடிக்குமா என்று அந்தத் தேர்வு கேட்டிருந்தது, அவர் இல்லை என்று எழுதியிருந்தார். ஒரே ஒருவரோடு பொறுமையாக உட்காரப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்டு ஓராண்டு தள்ளிப்போட்டேன் என்று அவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து தேர்வு முடிவை நான் தீர்ப்பாக வாசிப்பதில்லை. எந்த வேலைகளை முதலில் போய்ப் பார்ப்பது என்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பார்சன்ஸ் சொன்ன இரண்டாம் பகுதிதான் உங்களுக்கு இப்போது தேவை. என் அறைக்கு வரும் மாணவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தெரிந்த வேலைகளை எல்லாம் எழுதச் சொல்வேன். இருபதைத் தாண்டுகிறவர்கள் குறைவு. எழுதுவதும் வெளியே நின்று பார்க்கக்கூடிய வேலைகளாகவே இருக்கும்: ஆசிரியர், மருத்துவர், காவலர், வழக்கறிஞர், மென்பொருள் பொறியாளர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் உலகின் வேலைகள் 436 தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் ஓ-நெட் என்ற இலவசத் தளத்தில் சுமார் 1,000 வேலைகளுக்கு, அவற்றில் இருப்பவர்கள் அன்றாடம் என்னென்ன செய்கிறார்கள் என்ற விவரம் இருக்கிறது. அதில் உள்ள சம்பளமும் உரிமம் பற்றிய தகவலும் அந்த நாட்டுக்கானவை, அவற்றை விட்டுவிடுங்கள். செய்யும் பணிகளின் பட்டியல் பெரும்பாலும் எங்கும் பொருந்தும். உயிரியல் படித்தவர்களுக்கு மட்டும், மருத்துவத்தைத் தொடாமல், எத்தனை இருக்கின்றன பாருங்கள்: மருந்துப் பரிசோதனைகளை ஒருங்கிணைப்பவர், மருந்துக்கு அனுமதி பெறும் ஆவணங்களைத் தயாரிப்பவர், காப்புரிமை விண்ணப்பங்களை ஆராய்பவர், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டாளர், பயிர் வகைகளை உருவாக்குபவர், அருங்காட்சியக மாதிரிகளின் காப்பாளர், அறிவியல் இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர், ஆய்வகக் கருவிகளை வாங்கியவர்களுக்கு அவற்றை இயக்கக் கற்றுத்தருபவர்.

பட்டியலை வாசிக்கும்போது பெயரில் மயங்கிவிடாதீர்கள். வேலையின் பெயர் வேறு, அதன் பகல் பொழுது வேறு. வேதியியல் படித்த ஒரு மாணவி தடய அறிவியல்தான் என்ற முடிவோடு வந்தார். இரண்டு நாட்கள் ஒரு தடய ஆய்வகத்தில் கூட இருந்து பார்க்க ஏற்பாடு செய்தோம். திரும்பி வந்து, குற்றம் நடந்த இடமும் இல்லை, பரபரப்பும் இல்லை என்றார். உறைகள் வரும். ஒவ்வோர் உறையிலும் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், யார் கொடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும், திறப்பதற்கு முன் ஒரு படம், திறந்த பின் ஒரு படம், மீண்டும் ஒரு கையொப்பம். சோதனைக்கு ஒரு மணி நேரம் என்றால் பதிவுக்கு இரண்டு மணி நேரம். ஏமாற்றமாகிவிட்டதா என்று கேட்டேன். "இல்லை, அந்தப் பதிவேடுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது" என்றார், சொல்லும்போதே தனக்குள் ஏதோ புரிந்தவர்போல. இன்று அவர் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், தயாரிப்பின் ஒவ்வொரு படியும் முறைப்படி நடந்து பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கும் தர உறுதிப் பிரிவில் இருக்கிறார். அந்த இரண்டு நாட்களுக்கு முன் தர உறுதி என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை.

அப்படிப் பார்க்க வழி மனிதர்கள்தான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களில் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, வேலை மாறிய 282 பேரை எடுத்துக்கொண்டு, அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டோருக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவர் அடிக்கடி சந்திக்கும் நெருங்கிய ஆளாக இருந்தது ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர். காரணம் எளியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகங்கள்தான் நாம் அறியாத உலகத்திலிருந்து செய்தி கொண்டுவருகின்றன. 2022-இல், வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனர்களை வைத்து நடந்த பெரிய சோதனையும் இதை ஆதரித்தது, ஒரு திருத்தத்தோடு: முற்றிலும் மெல்லிய அறிமுகத்தைவிட ஓரளவு மெல்லிய அறிமுகமே அதிகம் பயன்பட்டது. உங்கள் துறையில் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள் அந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறார்கள்.

அவர்களுக்குக் கடிதம் எழுதத் தயங்குகிறவர்களே அதிகம், அதனால் வாசகத்தையே தருகிறேன். 'நீங்கள் படித்த துறையில் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பு எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வேலை கேட்டு எழுதவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு வசதியான ஒரு நாளில் 20 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா?' இதற்கு மேல் வேண்டாம். தற்குறிப்பை இணைக்காதீர்கள், இணைத்தால் வேலை கேட்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். பேசும்போது 'உங்கள் வேலை எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்பார்கள், உரையாடல் அங்கேயே நின்றுவிடும். 'நேற்று காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். நேற்று என்றால் யாராலும் பொதுவாகப் பேச முடியாது. அடுத்து, புதிதாக வருகிறவர்கள் முதல் ஓராண்டில் எதில் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். இந்த வேலையை விட்டுப் போனவர்கள் எதற்காகப் போனார்கள் என்றும் கேளுங்கள். கடைசியாக, இன்னும் யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயர் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து ஒரு துறையை எடைபோடாதீர்கள். ஒரே வேலையில் இருக்கும் மூன்று பேரிடமாவது பேசினால்தான் எது வேலையின் இயல்பு, எது அந்த ஆளின் இயல்பு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

பேச்சுக்குப் பிறகு கொஞ்சம் செய்துபார்க்க வேண்டும். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். மூன்று மணி நேரத்தில் செய்துபார்க்கக்கூடியதை முதலில், மூன்று நாள் கேட்பதை அடுத்து, மூன்று மாத இன்டர்ன்ஷிப்பைக் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு விடுமுறை முழுவதையும் இழக்கிறார்கள். அந்த நாட்களில் மாலையில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டேன். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட அன்றன்று எழுதியது நேர்மையாக இருக்கும். இன்டர்ன்ஷிப் மோசமாக அமைந்தால், வேலை பிடிக்கவில்லையா அல்லது அந்த இடமும் மேலதிகாரியும் பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். வேலைதான் ஒத்துவரவில்லை என்று தெளிவாகத் தெரிந்தால், அந்த மூன்று மாதம் வீண் என்று நான் ஒருபோதும் கருதமாட்டேன்.

'எனக்கு எதிலும் பெரிய ஆர்வம் இல்லை' என்றும் எழுதியிருந்தீர்கள். ஆர்வம் எங்கோ முழுதாக உட்கார்ந்திருக்கிறது, தேடிக் கண்டுபிடித்தால் போதும் என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். 2018-இல் கரோல் ட்வெக் உள்ளிட்ட உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கருந்துளைகளைப் பற்றி ஒரு சுவையான காணொளியைக் காட்டினார்கள், எல்லோருக்கும் பிடித்தது. பிறகு அதே பொருளில் கடினமான கட்டுரை ஒன்றை வாசிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது கண்டுபிடிக்க வேண்டியது என்று நம்பியவர்களிடம் ஆர்வம் அதிகமாகச் சரிந்தது, அது வளரக்கூடியது என்று நம்பியவர்களிடம் அவ்வளவு சரியவில்லை. ஓர் ஆய்வை வைத்து வாழ்க்கையை அமைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் 16 ஆண்டுகளில் நான் கண்டதோடு இது ஒத்துப்போகிறது. ஒரு விஷயம் கடினமானதும் 'இது எனக்கானதில்லை' என்று விலகியவர்கள் அடுத்ததிலும் அதே இடத்தில் விலகினார்கள்.

இதுவரை சொன்னவற்றை ஓரளவு உறுதியாகச் சொன்னேன். எதிர்காலத்தில் எந்த வேலை நிலைக்கும் என்பதில் அந்த உறுதி எனக்கு இல்லை, யாருக்கும் இருப்பதாக நம்பவும் இல்லை. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர், அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயத்தால் ஆபத்தில் இருக்கின்றன என்றார்கள். வேலையை மொத்தமாகப் பார்க்காமல் அதிலுள்ள பணிகளைத் தனித்தனியே கணக்கிட்ட மற்றொரு ஆய்வு 2016-இல் 9 சதவீதம் என்றது. அதே 2016-இல் ஜெஃப்ரி ஹின்டன், கதிரியக்கப் படங்களை வாசிக்கும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும் என்றார். செயற்கை நுண்ணறிவில் அவரைவிடத் தகுதியானவர் அரிது, பின்னர் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசே பெற்றார். ஆனாலும் அந்த மருத்துவர்களின் தேவை இன்றும் குறையவில்லை. படம் வாசிப்பது அவர்கள் செய்யும் பலவற்றுள் ஒன்று என்பதால் கணிப்பு தவறியது. எனவே பத்து ஆண்டுக்குப் பிந்தைய சந்தையைக் கணித்து முடிவெடுக்காதீர்கள். எந்தப் பக்கம் போனாலும் கூடவரும் திறன்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரியல் மாணவருக்கு என் தேர்வு இரண்டு: புள்ளியியலும் தெளிவாக எழுதுவதும். இது என் சொந்தக் கருத்து, வேறு ஒருவர் வேறு இரண்டைச் சொல்லக்கூடும்.

எல்லா முடிவுகளையும் நிதானமாக எடுக்கலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். உரிமம் தேவைப்படும் தொழில்களுக்குக் குறிப்பிட்ட பாடங்களும் தேர்வுகளும் விண்ணப்பத் தேதிகளும் உண்டு. பல நாடுகளில் பள்ளி ஆசிரியர் பணியும், சில நாடுகளில் மரபணு ஆலோசகர் பணியும் அப்படிப்பட்டவை. அந்தக் கதவு மூடினால் திறக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அப்படி ஏதாவது ஒன்று உங்கள் மனதின் ஓரத்தில் இருந்தால், பிடித்திருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே அதன் நிபந்தனைகளை, உரிமம் வழங்கும் அமைப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற முடிவுகளில் பெரும்பாலானவற்றை மாற்றிக்கொள்ளலாம். மேற்படிப்பைப் பற்றி ஒன்று: முடிவெடுப்பதைத் தள்ளிப்போட மேற்படிப்பில் சேர்ந்தவர்கள் இரண்டு ஆண்டு கழித்து அதே கேள்வியோடு, கூடுதல் கடனோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். குடும்பப் பொறுப்பு காரணமாகச் சம்பளத்தை முன்வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், அதையும் மதிப்பான காரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் உங்களிடம் குறைத்துப் பேச விடாதீர்கள். உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, எது எவ்வளவு கனம் என்று நீங்கள்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி. களப்பணிக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது ஒரு வேலைதான். கோபன்ஹேகனில் தலைமையகம் கொண்டு 2001 முதல் இயங்கும் உலகளாவிய பல்லுயிர்த் தகவல் அமைப்பான ஜிபிஃப், எந்த உயிரினம் எந்த இடத்தில் எந்த நாளில் காணப்பட்டது என்ற கோடிக்கணக்கான பதிவுகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அருங்காட்சியகங்களும் தாவரவியல் பூங்காக்களும் அங்கே அனுப்பும் பதிவுகளுக்குப் பின்னால், பெயர்களைச் சரிபார்த்து, தேதிகளை ஒழுங்குசெய்து, வடிவத்துக்குள் கொண்டுவரும் மனிதர்கள் இருக்கிறார்கள். பல்லுயிர்த் தரவு மேலாளர் என்பது அவர்களில் பலருக்கு வழங்கும் பெயர். உங்கள் தேர்வுகளில் ஒன்று தரவு ஆய்வாளர் என்றதும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு தாவரத்தின் பதிவுகளைப் பதிவிறக்கி, விரிதாளில் திறந்து, தவறுகளைத் தேடுங்கள். நிலத்தாவரம் நடுக்கடலில் நிற்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இரண்டுமே பூஜ்யமாக இருக்கும், இடம் தெரியாத யாரோ அப்படி விட்டிருப்பார். ஒரே தாவர மாதிரி இரண்டு பெயரில் இரண்டு முறை வந்திருக்கும். மூன்றாவது மணி நேரத்திலும் அடுத்த தவறைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா, அல்லது கடிகாரத்தைப் பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். பிறகு அந்த வேலையில் இருக்கும் ஒருவருக்கு, மேலே தந்த கடிதத்தை எழுதுங்கள். நீங்கள் கண்டெடுத்த தவறுகளில் ஒன்றை அதில் குறிப்பிடுங்கள்.